துருவுக்கு விளம்பரம் தெரியாது

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கடலை ஒட்டிய கிராமத்தில் ஒரு வில்லா விலைக்கு வந்திருக்கிறது. ‘மெயின்டனன்ஸே கிடையாது சார்’ என்றார் தரகர். உப்புக்காற்றில் அப்படியொரு வீடா? சரி, பார்த்துவிடலாம் என்று மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஹாலில் நான் நிற்கவே இல்லை. நேராக மொட்டைமாடிக்கு ஏறி ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தொட்டேன். அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. படிக்கட்டுக் கைப்பிடியெங்கும் பழுப்புப் புள்ளிகள். 304 ரக எவர்சில்வர் கடலோரத்தில் இப்படித்தான் ஆகும். மாலிப்டினம் கலந்த 316 ஓரளவு தாங்கும். ஜன்னல்கள் துருப்பிடிக்காத யூபிவிசி பிளாஸ்டிக், நல்லது. ஆனால் திருகுகள் சாதா இரும்பு! போர் தண்ணீரை மச்சான் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார்.

இதெல்லாம் பணம் போட்டால் தீரும். கடலோரத்தில் எங்கே கட்டலாம், கூடாது என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிச் சிக்கல் அப்படித் தீராது. மத்திய அரசின் 2019 அறிவிக்கைப்படி, மக்கள் அடர்த்தி குறைந்த ஊரகப் பகுதிகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதத்தின்போது கடல்நீர் ஏறும் எல்லை) 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. அதைக் கேட்டால், ‘பட்டா இருக்கே சார்’ என்கிறார் தரகர். பட்டா வேறு, இது வேறு. கட்டட அனுமதி நகலும் வில்லங்கச் சான்றும் வரட்டும், அப்புறம் விலை பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.