ஒன்பது நாளைத் தின்ற ஒரு வரி: நெட்வொர்க் கார்டிடம் சீரியலைசேஷனை ஒப்படைத்த கதை

"மெமரி ஒதுக்க முடியவில்லை." இந்த எரரோடு ஒன்பது நாள் போராடினேன். சர்வரில் 256 ஜிபி ரேம், பாதிகூட நிரம்பவில்லை.

எங்கள் கேஷ் சர்வர் பதில் அனுப்பும்போது, டேட்டாவை நெட்வொர்க்கில் அனுப்பும் வடிவத்துக்கு மாற்ற (இதுதான் சீரியலைசேஷன்) புரோட்டோபஃப் என்ற லைப்ரரி ஒவ்வொரு வேல்யூவையும் இன்னொரு பஃபருக்குக் காப்பி செய்யும். பிராசஸர் நேரம் அதிலேயே கரைந்தது. நெட்வொர்க் கார்டுகளில் ஸ்கேட்டர்-கேதர் என்று ஒரு வசதி உண்டு. மெமரியில் சிதறிக் கிடக்கும் துண்டுகளின் முகவரிகளைக் கொடுத்தால் போதும், கார்டே அவற்றை எடுத்துச் சேர்த்து ஒரே பாக்கெட்டாக அனுப்பிவிடும். 2023இல் எஸ்ஓஎஸ்பி என்ற கணினி ஆய்வு மாநாட்டில் வந்த கார்ன்ஃபிளேக்ஸ் ஆய்வு இதை வைத்துத்தான். அதைப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கோடு எழுதியது இரண்டே நாளில் முடிந்தது. கார்டு படிக்கப்போகும் மெமரியை முன்னதாகவே இடம் மாறாதபடி பூட்டி ("பின்" செய்து), கார்டிடம் பதிவு செய்ய வேண்டும். என் டெர்மினலில் ஓட்டினால் பதிவாகும். சர்வீஸாக ஏற்றினால் அந்த எரர். டேட்டா சென்டர் சப்போர்ட்டில் டிக்கெட் போட்டேன். லாக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் "ரேம் கூட்டுங்கள்" என்று மூடிவிட்டார்கள். நேரில் போய்க் கார்டை மாற்றியும் பார்த்தேன். ஒரு முழுநாள் வீண்.

காரணம் இதுதான்: லிமிட்ஸ் கோப்பில் மெம்லாக் வரம்பை, அதாவது ஒரு புரோகிராம் எவ்வளவு மெமரியைப் பூட்டலாம் என்ற அளவை, உயர்த்தினால், லாகின் செய்து ஓட்டுவதற்கு மட்டுமே அது செல்லும். லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி அதைப் பார்ப்பதே இல்லை. சர்வீஸ் கோப்பிலேயே மெம்லாக் வரம்பைத் தனியாக எழுத வேண்டும். ஒரு வரிதான். எழுதியதும் ஓடிவிட்டது. அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அளந்தால், முன்பைவிட மெதுவாக இருந்தது! எட்டு பைட் ஐடியைக்கூடத் தனித் துண்டாகக் கார்டிடம் தள்ளியிருந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு வைக்கும் செலவு இருக்கிறது. சின்னத் துண்டுக்குக் காப்பியே மலிவு. கார்ன்ஃபிளேக்ஸ் 512 பைட்டை எல்லையாக வைத்ததை நான் மேலோட்டமாகக் கடந்திருந்தேன். அதற்குக் கீழே காப்பி, மேலே கார்டு என்று பிரித்த பிறகுதான் வேகம் வந்தது.

இன்னொன்றை மட்டும் மறக்காதீர்கள். "அனுப்பு" என்று சொன்னதும் கார்டு படித்து முடித்துவிட்டதாக நினைத்து பஃபரை விடுவிக்காதீர்கள். நான் விடுவித்தேன். டெஸ்டில் ஒருவர் கேட்ட வேல்யூவுக்கு இன்னொருவருடைய டேட்டா போனது. உடம்பே நடுங்கிவிட்டது. முடிந்ததென்று கார்டிடமிருந்து கம்ப்ளீஷன் வரும்வரை பஃபரின் ரெஃபரன்ஸ் கவுண்ட்டை (அதை இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை) பிடித்து வையுங்கள்.

நேற்று, பிராசஸர் நேரம் எங்கே போகிறது என்று காட்டும் புரொஃபைலரைத் திறந்தேன். முதலிடத்தில் இருந்த மெம்காப்பி, அந்தக் காப்பி வேலையைச் செய்யும் ஃபங்ஷன், அங்கே இல்லை.