பினாங்குக்கு ஒரு வீண் பயணமும் ஒரு கைக்கடிகாரமும்

ரோலெக்ஸ் எக்ஸ்புளோரர் கைக்கடிகாரம் ஒன்றுக்கு நான் கடைசியில் கொடுத்தது 34,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). நிறுவனத்தின் பட்டியல் விலையைவிடக் கூடுதல். ஆனால் இதே மாதிரிக்கு என்னிடம் முதன்முதலில் கேட்கப்பட்ட விலையைவிட 8,200 வெள்ளி குறைவு. இந்த எண்ணுக்கு வந்து சேர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு முழுநாள் பினாங்குப் பயணம் வீணாகப் போனதையும், என் சொந்தப் பணத்தை எடுக்க வங்கியில் விளக்கம் சொல்ல நேர்ந்ததையும் நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

இடைநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். 55 வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த தொகையில் எனக்கென்று ஒரு பங்கை ஒதுக்கியபோது, அதில் நல்ல நிலையில் உள்ள பழைய மைவி கார் ஒன்று வாங்கிவிடலாமே என்றார் என் கணவர். எனக்கு வேண்டியிருந்தது 2021-இல் வெளிவந்த 124270 என்ற மாதிரி: 36 மில்லிமீட்டர் எஃகு உறை, கறுப்பு முகப்பு, 3, 6, 9 என்ற எண்கள், தேதிச் சாளரம் கிடையாது, கல் கிடையாது. முப்பது ஆண்டுகள் மணியடிக்கும் நேரத்தைப் பார்த்தே வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

2022 ஆகஸ்டில் தலைநகர் கோலாலம்பூரின் பேரங்காடி ஒன்றில், அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் பெயர் கொடுத்தேன். கண்ணாடிப் பேழைக்குள் நான் கேட்ட அதே கடிகாரம் இருந்தது. அதன் காலடியில் 'காட்சிக்கு மட்டும்' என்ற சிறிய அட்டையும் இருந்தது. கணவருக்கா, மகனுக்கா என்று கேட்ட விற்பனையாளர், எனக்குத்தான் என்று சொன்னதும் வைரம் பதித்த வேறொன்றை எடுத்துப் பட்டுத் தட்டில் வைத்தார். அது உடனே கிடைக்குமாம். எக்ஸ்புளோரருக்கு எத்தனை மாதம் ஆகும் என்ற கேள்விக்கு, கடையோடு உறவை வளர்த்துக்கொண்டால் நல்லது என்ற பதில் வந்தது. உறவு என்றால் முதலில் வேறு நகையோ கடிகாரமோ வாங்குவது என்று புரிய எனக்கு இரண்டு வருகைகள் பிடித்தன. பதினான்கு மாதம் கழித்து நானே போய் விசாரித்தபோது, அங்கே காத்திருப்போர் பட்டியல் என்ற ஒன்றே இல்லை என்றும், அன்று நான் நிரப்பியது வெறும் விருப்பப் பதிவு என்றும், என் வரிசை எண் என்ன என்று கேட்பதற்கே பொருளில்லை என்றும் சொன்னார்கள். பெயர் கொடுக்கும் அன்றே, நான் கொடுப்பது வரிசையா விருப்பமா என்று கேட்டிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும். தட்டுப்பாடு தங்கள் உத்தி அன்று, தரத்தைக் குறைக்காமல் தேவைக்கு ஈடாக உற்பத்தி செய்ய இயலவில்லை என்று நிறுவனம் 2021-இல் அறிவித்ததைப் படித்திருக்கிறேன். அதை நம்பவும் செய்கிறேன். கடை முகப்பில் நிற்பவருக்கு அதனால் ஆறுதல் எதுவும் இல்லை.

ஆகவே மறுவிற்பனைச் சந்தைக்கு வந்தேன். புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் ஏறி இறங்கிய முதல் கடையில் 43,000 வெள்ளி சொன்னார்கள். விலை நியாயம்தான் என்று காட்ட அங்கே நின்ற இளைஞர் தம் கைப்பேசியில் ஒரு வரைபடத்தை நீட்டினார். அது 2022 தொடக்கத்தில் விலைகள் உச்சத்தில் இருந்த இடத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு விலைகள் இறங்கியதை நான் சொன்னதும், அவர் வரியைக் கையில் எடுத்தார். 2023 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில், நகை, கைக்கடிகாரம் போன்ற உயர்மதிப்புப் பொருள்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு வரை வரி என்ற அறிவிப்பு இருந்தது உண்மைதான். மே மாதத்துக்குள் வாங்காவிட்டால் இன்னும் நாலாயிரம் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஆன்ட்டி, என்றார். அவசரப்படுத்துபவரிடம் வாங்குவதில்லை என்பது மீன்சந்தையில் கற்ற பழக்கம், வெளியே வந்துவிட்டேன். அந்த மே மாதமும் வந்தது, வரி வரவில்லை.

பினாங்கு விவகாரம் இதற்கு அடுத்தது. ஜார்ஜ் டவுனில் இருந்த தனிநபர் ஒருவர் 33,000 வெள்ளிக்கு விற்பதாக விளம்பரம் செய்திருந்தார். பெட்டி, உத்தரவாத அட்டை, பட்டையிலிருந்து கழற்றிய கண்ணிகள் எல்லாம் உண்டு என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதினார். அட்டையின் படத்தைக் கேட்டபோது வரிசை எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்து எடுத்த படத்தை அனுப்பினார். எண்ணைத் திருடிப் போலிக் கடிகாரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அப்படி நடப்பதும் உண்டு என்பதால் ஏற்றுக்கொண்டேன். தங்கை மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் விடியற்காலை ரயிலேறி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் அக்கரை சேர்ந்தோம்.

காப்பிக் கடை மேசையில் கடிகாரத்தை எடுத்து வைத்தார். பார்த்த அளவில் குறை சொல்ல எதுவும் இல்லை. முகப்பைச் சுற்றியுள்ள உள் வளையத்தில் நிறுவனத்தின் பெயர் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஆறு மணிக்கு நேர்கீழே வரிசை எண் இருந்தது. அதே இடத்தில் கண்ணாடிக்குள் லேசரால் பொறித்த மிகச் சிறிய கிரீடம், உருப்பெருக்கியைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. இனி அட்டையோடு எண்ணை ஒப்பிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து அட்டையைக் கேட்டேன். அட்டை சிங்கப்பூரில் அண்ணனிடம் இருக்கிறது, பணம் வந்ததும் அஞ்சலில் அனுப்புகிறேன் என்றார்! புலனத்தில் அனுப்பிய படம் யாருடைய கையில் இருந்த அட்டை என்று தங்கை மகன் கேட்டபோது, அது அண்ணன் எடுத்து அனுப்பியது என்றார். அந்த மனிதர் ஏமாற்றுக்காரரா, வெறும் சோம்பேறியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டை இல்லாவிட்டால் 28,000 வெள்ளிக்கு மேல் கொடுக்க முடியாது என்றேன். அவர் கடிகாரத்தைத் துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காப்பிக்குப் பணம் கொடுக்காமலே எழுந்து போனார். "பெரியம்மா, வந்ததற்குச் சார் குவே தியோவாவது சாப்பிட்டுவிட்டுப் போவோம்" என்றான் பையன். அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

ஆகவே, கடிகாரத்தையும் அட்டையையும் ஒரே படத்தில், அன்றைய தேதி எழுதிய தாளோடு சேர்த்து எடுத்து அனுப்பச் சொல்லாமல் யாரும் ரயிலேற வேண்டாம். எண்ணின் நடுவில் இரண்டு எழுத்தை மறைத்துக்கொள்ளட்டும். அட்டை அவர் கையில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அதன் பிறகு மூன்று மாதம் எங்கும் போகாமல் குறிப்பேடு ஒன்றில் விலைகளை எழுதி வந்தேன். விளம்பரத்தில் கேட்கும் விலை ஒரு பத்தி, விளம்பரம் எத்தனை நாள் கிடந்தது என்பது இன்னொரு பத்தி. 40,000-க்கு மேல் கேட்டவை வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தன. 36,000-க்குக் கீழே வந்தவை இரண்டு மூன்று நாளில் மறைந்தன. இதைவிடத் தெளிவாக விலை சொல்லித்தந்தது தங்கை மகனின் குறும்புதான். நான் குறித்து வைத்திருந்த கடையை அவன் தொலைபேசியில் அழைத்து, தன்னிடம் அதே மாதிரி இருக்கிறது, என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டான். 32,000 என்றார்கள். அதே கடை விற்கும் விலையாக எழுதி வைத்திருந்தது 38,500. நான் பேச வேண்டிய இடைவெளி எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது.

2024 மார்ச்சில் அந்தக் கடைக்குப் போனோம். பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் பின்பக்க மேசையிலேயே உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்தது. கடிகாரத்தின் ஓட்டத்தைச் சோதிக்கும் கருவியின் தாங்கியில் அதை வைத்ததும், மணிக்கு 28,800 துடிப்பு என்று காட்டிய திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து படுக்கையாக ஓடின, ஓட்டம் சீராக இருப்பதற்கு அதுவே அடையாளம். நாளொன்றுக்கு ஒரு வினாடி முந்துகிறது. நிறுவனம் சொல்லும் வரம்பு கூடவோ குறையவோ இரண்டு வினாடி. பிறகு அட்டையை வைத்துக்கொண்டு நான் எண்ணை எழுத்தெழுத்தாகப் படிக்க, தங்கை மகன் உருப்பெருக்கியின் வழியே வளையத்தைப் பார்த்துச் சரி சரி என்றான். ஐந்தாவது இடத்தில் நான் 'பி' (B) என்றேன், அவன் எட்டு என்றான். கடை அமைதியாகிவிட்டது. பினாங்கு நினைவுக்கு வந்து கைப்பையை மூடவே போய்விட்டேன். பெரியவர் எதுவும் பேசாமல் என் மூக்குக்கண்ணாடியைக் காட்டினார். அது தலைமேல் இருந்தது. எட்டுதான்.

அட்டையில் முதல் விற்பனைத் தேதி 2022 செப்டம்பர் என்று இருந்தது. ஐந்தாண்டு உத்தரவாதம் அந்தத் தேதியிலிருந்து ஓடுவதால் இன்னும் மூன்றரை ஆண்டு மிச்சம். கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணிகளில் மெல்லிய கீறல்கள் இருந்தன. உறையின் விளிம்புகள் கூர்மையாகவே இருந்ததால் யாரும் மெருகு போட்டுத் தேய்க்கவில்லை என்று தெரிந்தது. கீறலுக்காகக் குறை சொல்லி விலை பேசினேன், ஆனால் தேய்த்த உறையைவிடக் கீறிய உறையையே நான் விரும்புவேன். 38,500-லிருந்து பேச்சு தொடங்கி, 34,000-இல் நான் நிற்க, 34,800-இல் முடிந்தது. கழற்றிய இரண்டு கண்ணிகளையும் மேசையில் எண்ணி வைக்கச் சொன்னேன். பின்னால் தனியாக வாங்கப் போனால் அவையே ஒரு செலவு.

பணம் அனுப்புவதில்தான் மறுபடி சிக்கல். கடையின் வங்கிக் கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்க உதவும் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்த்தோம். புகார் எதுவும் இல்லை. நிறுவனப் பதிவு எண்ணையும் சரிபார்த்தோம். ஆனால் என் இணைய வங்கிக் கணக்கின் அன்றாட வரம்பு 10,000 வெள்ளி. அதை உயர்த்தினால் மறுநாள்தான் நடைமுறைக்கு வருமாம். 1,000 வெள்ளி முன்பணம் கொடுத்து, கடிகாரத்தில் குறை கண்டால் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை நேரடியாக வங்கிக் கிளைக்குப் போனேன். முகப்பில் இருந்த இளம்பெண், இந்தப் பணம் எதற்கு, யாராவது தொலைபேசியில் மிரட்டுகிறார்களா, போலீஸ் என்று சொல்லி யாராவது பேசினார்களா, புவான், என்று கேட்டார். கைக்கடிகாரம் வாங்கப் போகிறேன் என்ற உண்மை அவருக்கு எல்லாவற்றையும்விடச் சந்தேகமாகப் பட்டது. மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் மோசடிப் புகார் எண் 997 அச்சிட்ட தாளை என் முன் தள்ளினார். பணத்தை இழந்து அழுதவர்களை எனக்கும் தெரியும் என்பதால் கோபப்படவில்லை என்று சொல்ல ஆசை. உண்மையில் கோபம் வந்தது. கடை கொடுத்த விலைப்பட்டியலும் கடிகாரத்தின் படமும் கையில் இருந்ததால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெரிய தொகை எடுக்கப் போகிறவர்கள் அந்த இரண்டையும் அச்சிட்டே கொண்டு போகலாம்.

பணம் சேர்ந்ததும் கடையில் ரசீது எழுதித் தந்தார்கள். 'கைக்கடிகாரம் – 1' என்று மட்டும் இருந்தது. மாதிரி எண், வரிசை எண், அட்டையின் தேதி, கண்ணிகள் இரண்டு, அசல் இல்லையென நிரூபணமானால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்ற வரி, இத்தனையும் சேர்த்துப் புதிதாக எழுதச் சொன்னேன். கடைக்காரர் சலித்துக்கொண்டே எழுதி நீட்டினார். வரிசை எண்ணில் ஐந்தாவது இடத்தில் 'பி' என்று இருந்தது. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழித்துக் கொடுத்தேன். மூன்றாவது ரசீது சரியாக வந்தது.