குறுகிக்கொண்டே உயரும் கட்டடம்

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில் வடக்கு நோக்கி நடந்தபோதுதான் ஜான் ஹான்காக் கட்டடத்தை முதன்முதலாக அண்ணாந்து பார்த்தேன். 1969-இல் எழுந்து நின்ற, 344 மீட்டர் உயரமும் 100 மாடிகளும் கொண்ட அந்தக் கறுப்புக் கட்டடம் மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே செல்கிறது. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அப்படி அமைத்திருப்பார்கள் என எண்ணினேன். அதன் வரலாற்றைப் படித்த பிறகுதான் காரணம் வேறு என்று தெரிந்தது.

முதலில் அந்த மனையில் அலுவலகங்களுக்கு ஒன்றும் குடியிருப்புகளுக்கு ஒன்றுமாக இரண்டு கட்டடங்களே திட்டமிடப்பட்டிருந்தன. இரண்டும் நிலத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டு, ஒன்றின் காட்சியை மற்றொன்று மறைக்கும் என்பதால், வீடுகளை அலுவலகங்களின் தலைமேலேயே ஏற்றிவிட முடிவு செய்தார்கள். அலுவலகத்துக்கு அகலமான தளம் வேண்டும். வீட்டிலோ ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்பதால் தளம் ஒடுங்கியிருப்பதே நல்லது. இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது பிறந்ததுதான் அந்தச் சரிவு. கீழே கடைகள், வாகன நிறுத்தம், அலுவலகங்கள். 44 முதல் 92 வரையிலான மாடிகளில் சுமார் 700 வீடுகள். குடியிருப்போருக்கான நீச்சல் குளம் 44-ஆம் மாடியில் இருக்கிறது.

கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமுடன் இணைந்து இதற்கு எலும்புக்கூடு அமைத்தவர், டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். முகப்பில் தெரியும் பெரிய பெருக்கல் குறிகள் வெறும் அலங்காரம் அல்ல. காற்றின் தள்ளுவிசையையும் கட்டடத்தின் எடையையும் வெளிச்சுவர்களே பகிர்ந்து தாங்கும்படி அவை செய்கின்றன. அதனால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 145 கிலோ எஃகு போதுமானதாயிற்று; எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு அது சுமார் 206 கிலோ.

வேலை சீராகவும் நடக்கவில்லை. 1966-இல் அடித்தளத் தூண் ஒன்றில் குறை கண்டுபிடிக்கப்பட்டுப் பணி சில மாதங்கள் நின்றது. திட்டத்தைத் தொடங்கிய ஜெர்ரி வோல்மன் கடனில் சிக்கவே, ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனம் அதனைக் கையில் எடுத்துக்கொண்டது. 2018-இல் அந்தப் பெயரும் நீக்கப்பட்டது என்றாலும், எனக்கு அது இன்னும் ஹான்காக் கட்டடம்தான்.

பல வீடுகளின் ஜன்னல்களுக்குக் குறுக்கே அந்தச் சாய்ந்த எஃகுத் தண்டுகள் செல்கின்றன. அங்கே வாழ வாய்ப்புக் கிடைத்தால், முழுக் காட்சியும் தெரியும் வீட்டை விட்டுவிட்டு, தண்டு குறுக்கிடும் வீட்டையே நான் கேட்பேன்.