15 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்த அச்சு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா செல்லும் சாலையை விட்டுச் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பினால், சிறிது தூரத்திலேயே தார் முடிந்துவிடும். அதன் பின் செம்மண்தான். மழை பெய்த மறுநாள், பழக்குலை ஏற்றிய டிராக்டர்கள் உழுதுவிட்டுப் போன தடங்களில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு நிற்கும். அந்தப் பாதையைக் கடந்து போய் ஆற்றங்கரையில் இரண்டு இரவுகள் குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கூடாரம், அடுப்பு, தண்ணீர், பிள்ளைகளின் படுக்கை எல்லாவற்றையும் என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் பின்தட்டில் குவித்து, தார்ப்பாய் போட்டுக் கட்டிப் பல முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இறக்கிக் கூடாரம் எழுப்புவதற்குள் இருட்டிவிடும். பெரும்பாலும் மழையும் வந்துவிடும். படுக்கையும் சமையல் மேடையும் உள்ளேயே இருக்கும் சிறு ட்ரெய்லர் ஒன்றை நாமே கட்டினால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. 2023 தைப்பூசம் முடிந்த மறுவாரம் வேலையைத் தொடங்கினேன். தீபாவளிக்கு முன் முடித்தேன். இடையில் ஒரு முறை முழுவதையும் கவிழ்த்துப் போட்டு சக்கர அச்சை அறுத்தெடுக்க நேர்ந்தது. இது போன்ற வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் பயன்படும் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொதுச் சாலையில் ட்ரெய்லரை இழுத்துச் செல்ல வேண்டுமானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவும் பரிசோதனையும் தேவை. வீட்டுப் பின்கட்டில் கட்டிய வண்டிக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே சாலைப் பகுதி முழுவதும் நண்பரின் 3 டன் லோரியில் ஏற்றிக் கொண்டு போய், தோட்ட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு செம்மண் பாதையில் இறக்கி இழுப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தேன். காப்புக் காட்டுக்குள் நுழைவதென்றால் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். இந்த இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருக்கும் மாமா, தோட்டப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தாளில் வரைந்ததைக் காட்டியபோது அவர் பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கொக்கி என்ன கொக்கி, தம்பி?" என்றுதான் கேட்டார். 50 மில்லிமீட்டர் பந்துக் கொக்கி என்றேன். அவர் என்னைப் பட்டறைக்கு அழைத்துச் சென்று, பழக்குலை இழுக்கும் டிராக்டர் ட்ரெய்லரின் வளையத்தைக் காட்டினார். டிராக்டரின் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, ட்ரெய்லரின் அதே பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது இரண்டும் எதிரெதிராக முறுக்கிக்கொள்ளும். பந்துக் கொக்கி அந்த முறுக்கலுக்கு ஓரளவுதான் இடம் கொடுக்கும், அதற்கு மேல் ஏதாவது ஒன்று உடைய வேண்டும். ஆகவே தன் அச்சில் முழுவதும் சுழலக்கூடிய வளையக் கொக்கியையே வாங்கினேன். அன்று அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் முதல் பயணத்திலேயே வண்டி கவிழ்ந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

எடையை 750 கிலோவுக்குள் நிறுத்த வேண்டும் என்று எனக்கு நானே வரம்பு வைத்துக்கொண்டேன். ஆஸ்திரேலியாவில் தனிப் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு அதுதான் எல்லை. என் வண்டியிலும் பிரேக் கிடையாது. சேசிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, 75க்கு 50 மில்லிமீட்டர் அளவில், 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஹாலோ இரும்பு, அதாவது உள்ளே வெற்றான சதுரக் குழாய் போன்ற இரும்பு. இது மீட்டருக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல் வரும். இன்னும் கனமான இரும்பைப் போட்டால் உறுதி கூடும் என்று பலர் சொன்னார்கள். கூடும் எடையும் அதே பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியதுதானே என்று நான் மறுத்துவிட்டேன். சக்கரங்களை மட்டும் ஹைலக்ஸின் சக்கரத்தோடு ஒன்றாக வைத்தேன்: ஆறு போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர், அதே டயர். காட்டில் டயர் கிழிந்தால் எந்த வண்டியின் மாற்றுச் சக்கரமும் எந்த வண்டிக்கும் பொருந்தும். இரண்டின் சக்கர இடைவெளியும் ஒன்றாக இருப்பதால் ட்ரெய்லர் முன்வண்டியின் தடத்திலேயே வரும்.

பெட்டி வேலை எளிது, நீண்ட நாள் எடுத்ததே தவிரச் சொல்வதற்கு அதிகம் இல்லை. 2.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், கதவுகளைச் சுற்றி ரப்பர் பட்டை, மேலே ஒரு காற்றுத் துளை. துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்பதால் கறுப்பு இரும்பையே வாங்கி, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சை மூன்று முறை அடித்தேன். நம் ஊர் ஈரத்தில் ஹாலோ இரும்பு உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டேன்.

அச்சை எங்கே வைப்பது என்பதில்தான் தவறினேன். பெட்டியின் நட்டநடுவில் வைத்தேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. கொக்கியிலிருந்து அச்சு வரை 2.6 மீட்டர். முதல் சோதனைக்குத் தண்ணீர், பேட்டரி, அடுப்பு, படுக்கை எல்லாம் ஏற்றித் தோட்டத்தின் நேரான இறக்கத்தில் மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தொட்டபோது, ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்கிய ட்ரெய்லர் பின்னால் வாலாட்டத் தொடங்கியது. இடம், வலம், மீண்டும் இடம் என்று ஒவ்வொரு வீச்சும் முன்னதைவிடப் பெரிதாக, ஹைலக்ஸின் பின்பகுதியையே இழுத்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டேன், சமதரையில்தான் அடங்கியது. என் மனைவி பக்கத்தில் இருந்தார். வீடு திரும்பும் வரை இருவரும் பேசவில்லை.

மறுநாள் மாமா நிறுத்துப் பார்க்கச் சொன்னார். தோட்ட எழுத்தரான கிராணியாரிடம் கேட்டு, செம்பனை ஆலையின் நிறுவை மேடையில் ட்ரெய்லரைத் தனியாக நிறுத்தினோம்: 620 கிலோ. கொக்கி எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்று அந்தப் பெரிய மேடை சொல்லாது. அதற்கு ரப்பர் மரத்தின் ஒட்டுப்பால் வாங்கும் கடைக்காரரின் தராசை இரவல் வாங்கினோம். தராசுத் தட்டின் மீது மரக்கட்டையை நிறுத்தி, வண்டியில் பூட்டியிருக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் கொக்கி அதன் மீது உட்காருமாறு இறக்கினோம். காய்ந்த பாலின் நெடியடிக்கும் அந்தத் தராசின் முள் 35இல் நின்றது. கட்டையின் 4 கிலோவைக் கழித்தால் 31. மொத்த எடையில் 5 விழுக்காடு. குறைந்தது 10 விழுக்காடாவது கொக்கியில் அழுந்த வேண்டும். அது இல்லாத ட்ரெய்லருக்குப் பின்பாரம் மிஞ்சிவிடும், ஒரு தட்டு தட்டினாலே வாலாட்டும்.

சாமான்களை முன்னால் நகர்த்தினால் போதாதா என்று கேட்டேன். தண்ணீர் தீர்ந்து போகும், அரிசி தீர்ந்து போகும், அப்போது கணக்கு மாறிவிடும் என்றார் மாமா. அவர் சொன்னது சரி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 31 கிலோ அழுந்துகிறது என்றால் பாரத்தின் மையம் அச்சுக்கு முன்னால் 13 சென்டிமீட்டரில் இருக்கிறது. அச்சை 15 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் மையம் 28 சென்டிமீட்டர் முன்னால் வரும், கொக்கியிலிருந்து அச்சு வரையிலான நீளம் 2.75 மீட்டராகும், 620ஐ 0.28ஆல் பெருக்கி 2.75ஆல் வகுத்தால் 63 கிலோ. பெட்டியைக் கவிழ்த்து, ஸ்பிரிங் தாங்கிகள் நான்கையும் கிரைண்டரால் அறுத்து, இடம் மாற்றிப் பற்றவைக்க இரண்டு வாரக்கடைசிகள் போயின. 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவந்தேன். அங்கே இருந்தால் நிறைந்தாலும் காலியானாலும் கொக்கியின் பாரம் அவ்வளவாக மாறாது. தராசில் மீண்டும் வைத்தபோது 64 காட்டியது. அதே இறக்கத்தில் அதே வேகத்தில் வண்டி நூல் பிடித்தாற்போல வந்தது.

இரண்டாவது சோதனையில் வேறொரு தவறு வெளிப்பட்டது. கழுவிவிட்டுத் துடைக்கும்போது, இழுவைக் கம்பம் பெட்டியின் முன்சட்டத்துக்கு அடியில் நுழையும் இடத்தில், வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டிப் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. முடி இழை அளவுதான். துருவாக இருக்கும் என்று விட்டுவிட இருந்தேன். மாமா கட்டைவிரல் நகத்தை அதன் குறுக்கே இழுத்தார், நகம் மாட்டியது. விரிசல். கம்பம் மேலும் கீழும் அதிகமாக வளையும் அதே இடத்தில், கம்பத்துக்குக் குறுக்காக நான் வெல்டிங் வைத்திருந்தேன். சூடு ஏறி இறங்கிய இரும்பு அந்தக் கோட்டிலேயே களைத்துப் பிளக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கம்பங்களை முழுவதும் எடுத்துவிட்டு, 100க்கு 50, 4 மில்லிமீட்டர் இரும்பில் புதிதாகச் செய்து, முன்பக்க ஸ்பிரிங் தாங்கி வரை பின்னால் நீட்டினேன். இந்த முறை நீளவாக்கில் மட்டுமே வெல்டிங். குறுக்கே ஒரு சொட்டுக்கூட இல்லை. எடை கூட வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த நான், இந்த ஓர் இடத்தில் மட்டும் மனமாரக் கூட்டினேன்.

செலவு, தவறுகளையும் சேர்த்து, 6,400 ரிங்கிட் ஆயிற்று. அச்சை முதலிலேயே நிறுத்துப் பார்த்து வைத்திருந்தால் 700 ரிங்கிட்டாவது மிஞ்சியிருக்கும்.

கடைசியாகக் கற்றது தண்ணீரைப் பற்றியது. சுங்கை பிளஸ் ஆற்றில் சேரும் ஓர் ஓடையைக் கடந்து போய் வந்த பிறகு, பேரிங்கைக் கழற்றினேன். உள்ளே இருந்த கிரீஸ், நீலமாக இருக்க வேண்டியது, பால் கலந்தாற்போல வெளுத்துக் கிடந்தது. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடம் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். அப்போதிருந்து எந்த ஓடை வந்தாலும் கரையில் வண்டியை நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் இறங்கிக் கல்லெறிந்து விளையாடுவார்கள். நான் இரண்டு சக்கரக் குடங்களிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கைக்குச் சூடு தெரியாத வரை குளிர்ந்த பிறகுதான் தண்ணீரில் இறங்குகிறோம். பெரும்பாலும் இருபது நிமிடம் ஆகும். ஒவ்வொரு பயணத்துக்கு முந்தைய நாளும் அந்த ஒட்டுப்பால் தராசை இரவல் வாங்கக் கடைக்குப் போகிறேன்; கடைக்காரர் இப்போது கேட்காமலேயே மரக்கட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.