பக்கத்து வீட்டுத் துவாலுக் குடும்பமும் ஆஸ்திரேலிய விசாவும்

பசிபிக் கடலில் இருக்கும் சின்னத் தீவு நாடான துவாலுவின் மக்களுக்கென்று ஆஸ்திரேலியா 2025-இல் திறந்த புதிய விசாவுக்கு எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் விண்ணப்பித்தது. பதிவு செய்ததில் இருந்து விசா வந்தது வரை படிவம், சான்றிதழ், கணினி வேலை எல்லாவற்றிலும் நான் கூட இருந்தேன். கடல் மட்டம் உயர்வதை மனதில் வைத்து இரண்டு நாடுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இது. இதைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது செய்தித் துணுக்குகள்தான். அதனால் நான் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஃபிஜியின் தலைநகர் சுவாவில். பக்கத்து வீட்டு அம்மா பள்ளி ஆசிரியை. தெருவுக்கே அவர் ‘டீச்சர்’. கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். ஐந்து பேரிடமும் இருப்பது துவாலு பாஸ்போர்ட். படிப்பு, வைத்தியம், வேலை என்று சுவாவுக்கு வந்து தங்கும் துவாலுக்காரர்கள் நிறைய. அவர்கள் தலைநகர் ஃபுனாஃபுட்டிக்கு விமானம் ஏறுவதும் இங்கிருந்துதான்.

முதலில் ஒப்பந்தம். 2023 நவம்பரில் குக் தீவுகளில் பசிபிக் தலைவர்கள் கூடியபோது ஆஸ்திரேலியப் பிரதமர் ஆல்பனீசியும் அப்போதைய துவாலுப் பிரதமர் கௌசியா நட்டானோவும் ஃபலேபிலி ஒன்றிய ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். 2024 ஆகஸ்ட் 28 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஆண்டுக்கு 280 துவாலுக் குடிமக்கள் வரை ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ, படிக்க, வேலை செய்யப் போகலாம். வேலை உறுதிக் கடிதம் கேட்பதில்லை. போய் இறங்கிய அன்றே நிரந்தரக் குடியிருப்பு உரிமை, மெடிகேர் மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் பள்ளி. வேண்டும்போது ஊருக்குப் போய் வரலாம்.

இந்தக் கடைசி வரிதான் டீச்சர் வீட்டில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அகதியாகப் போகிறவருக்குத் திரும்பிப் போகும் பேச்சே கிடையாது. இங்கே அது உரிமையாகவே வருகிறது.

சொல்லப்போனால் அகதியாகப் போகவும் இவர்களுக்கு வழி இருந்ததில்லை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுகிறவர்களுக்கானது. கடல் யாரையும் அப்படிப் பார்த்துத் துரத்துவதில்லை. பக்கத்து நாடான கிரிபட்டியைச் சேர்ந்த இயோவானே தெய்தியோட்டா என்பவர் இந்தக் காரணத்தைச் சொல்லி நியூசிலாந்தில் வழக்குப் போட்டார். 2015-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றுத் திருப்பி அனுப்பப்பட்டார். ஐ.நா. மனித உரிமைக் குழுவும் அவருடைய முறையீட்டை ஏற்கவில்லை. ஆனால் 2020-இல் வெளியான அந்த முடிவு, பருவநிலை மாற்றத்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற வாசலைத் திறந்து வைத்தது. அந்த நிலை வரும்வரை ஒருவர் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. வீடு மூழ்கிய பிறகு நீதிமன்றத்தில் நிரூபிப்பதைவிட, மூழ்குவதற்கு முன்பே பெட்டி கட்டலாமா வேண்டாமா என்று குடும்பம் உட்கார்ந்து பேச இடம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஃபிஜியில் கடலோர கிராமங்கள் நகர்ந்திருக்கின்றன. 2014-இல் வுனிந்தோங்கோலோவா கிராமம் உள்ளே மேட்டுப் பக்கம் இடம் மாறியது. துவாலுவில் நகர்ந்து போக மேடு இல்லை. ஒன்பது தீவுகள், நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் அளவுதான். மிக உயர்ந்த இடமே 5 மீட்டரைத் தொடாது. கடல் நீர் கரையைத் தாண்டி வருவது ஒரு பக்கம். மண்ணுக்கு அடியில் ஊறி மேலே வருவது இன்னொரு பக்கம். அவர்கள் பள்ளம் தோண்டி வளர்க்கும் புலாக்கா என்ற சேம்பு வகைக் கிழங்கு உப்பேறி அழுகுகிறது. மாமியார் அடிக்கடி சொல்வது வெள்ளத்தைப் பற்றி அல்ல, அந்தக் கிழங்குப் பள்ளங்களைப் பற்றித்தான்.

சரி, பதிவுக்கு வருகிறேன்.

அந்த 280 பேரையும் குலுக்கலில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் சுற்றுக் குலுக்கலுக்கான பதிவு 2025 ஜூன் 16 முதல் ஜூலை 18 வரை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், துவாலு பாஸ்போர்ட் இருக்க வேண்டும், விண்ணப்பிப்பவரோ அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டியில் ஒருவரோ துவாலுவில் பிறந்திருக்க வேண்டும். நியூசிலாந்துக் குடியுரிமை இருந்தால் முடியாது. மேல் வயது வரம்பு இல்லை. இது பெரிய விஷயம். மற்ற பசிபிக் நாட்டவர்களுக்கான ஆஸ்திரேலியக் குலுக்கல் விசா 45 வயதோடு நின்றுவிடும், வேலை உறுதியும் காட்ட வேண்டும்.

கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், இணையத்தில் கார்டு மூலம் கட்ட வேண்டும். டீச்சருக்கு இது சிரமமில்லை. ஆனால் துவாலுவின் வைட்டுப்பு தீவில் இருக்கும் அவருடைய தம்பிக்குக் கார்டே கிடையாது. துவாலுவில் முதல் ஏடிஎம் இயந்திரமே 2025 ஏப்ரலில்தான் வந்தது. அந்த நாட்டில் புழங்குவது ஆஸ்திரேலிய டாலர்தான், ஆனால் அது நோட்டாகக் கையில் இருக்கும். தம்பியின் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அவருக்கான பதிவையும் எங்கள் வீட்டுக் கணினியிலேயே செய்து டீச்சர் பணம் கட்டினார். ஒரு கை உதவி இல்லாதவர்கள் எத்தனை பேர் விட்டுப்போயிருப்பார்களோ என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

சுவாவில் ஒருவர் பதிவு செய்து தருகிறேன் என்று சொல்லி நிறையப் பணம் கேட்டார். யாரை நம்பியும் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொடுக்காதீர்கள் என்று டீச்சர் தன் சபையில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார். அப்புறம் எங்கள் வீட்டில் மாலை நேரங்களில் கூட்டம். பதிவு என்பது குலுக்கலில் பெயர் போடுவது மட்டும்தான், அதற்கு முகவர் எதற்கு?

நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டது பிறப்புச் சான்றிதழில். டீச்சர் பிறந்தது துவாலுவில் இல்லை, நவ்ரூவில். அவருடைய அப்பா அங்கே பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். துவாலுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படிப் போயிருக்கிறார்கள். ஆகவே அப்பா வைட்டுப்புவில் பிறந்ததற்கு ஆதாரம் வேண்டும். அவர் பிறந்த காலத்தில் துவாலு என்ற நாடே இல்லை. கில்பர்ட் எல்லிஸ் தீவுகள் என்ற பிரிட்டிஷ் குடியேற்றம். 1975-இல் பிரிந்து, 1978-இல்தான் சுதந்திர நாடானது. பழைய பதிவேட்டில் இருந்து நகல் எடுக்க ஃபுனாஃபுட்டியில் இருக்கும் சித்தப்பா மகள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். நகல் வந்தபோது அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்தோம். பதிவு நேரத்தில் பாஸ்போர்ட் போதும், இதெல்லாம் பின்னால்தான். ஆனாலும் முன்கூட்டியே தேடியது நல்லதாகப் போயிற்று. இதே நிலையில் யாருக்காவது உதவுகிறீர்கள் என்றால் இந்தப் பழைய காகிதங்களில் இருந்து தொடங்குங்கள்.

டீச்சரின் பெரிய அத்தை ஒருவர் ஃபிஜியின் கியோவா தீவில் இருக்கிறார். அவரும் பதிய ஆசைப்பட்டார், முடியவில்லை. அவரிடம் இருப்பது ஃபிஜி பாஸ்போர்ட். கியோவாவின் கதை பலருக்குத் தெரியாது. வைட்டுப்பு மக்கள் தங்கள் தீவில் இடம் போதாது என்று அஞ்சி, தாங்களே பணம் போட்டு ஃபிஜியில் கியோவாவை விலைக்கு வாங்கி, 1947 முதல் அங்கே குடியேறினார்கள். நிலம் சொந்தமாயிற்று. ஃபிஜிக் குடியுரிமை வந்தது 2005-இல்! எல்லை தாண்டிக் குடியேறுவதில் நிலத்தைவிடக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிய வைத்தது அத்தையின் குடும்பம்தான். இறங்கிய நாளிலேயே உரிமை என்று இந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை அதனால்தான் நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

பதிவு முடிந்தபோது, குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேரின் பெயர்கள் வந்திருப்பதாக ஆஸ்திரேலியத் தரப்பு சொன்னது. நாட்டின் மக்கள்தொகையே 11,000 அளவுதான். இடங்களோ 280. செய்திகளில் இதை ‘நாடே கிளம்புகிறது’ என்று எழுதினார்கள். எனக்கு அது தப்பாகப் பட்டது. எங்கள் வீட்டு மேசையில் பதிந்தவர்களில் பாதிப் பேர், கிடைத்தால் உடனே போவோம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் படிப்பு முடியட்டும், அம்மா இருக்கும்வரை போக முடியாது, இருந்தாலும் ஒரு வழி கையில் இருக்கட்டும் என்பதுதான் பேச்சு.

பதிவு நாட்களில் டீச்சரின் கணவர் ஒரு மாலை நல்ல சூட்டோடு பேசினார். ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவில், பாதுகாப்பு தொடர்பாக வேறு எந்த நாட்டோடு துவாலு கூட்டுச் சேர்ந்தாலும் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. “280 விசாவுக்காக எங்கள் அரசாங்கத்தின் கையைக் கட்டிப்போடுவதா?” என்றார். முன்னாள் பிரதமர் எனெலே சோபோவாகா இதே கருத்தோடு ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர். டீச்சர் அதே ஒப்பந்தத்தின் இன்னொரு வரியை எடுத்துக் காட்டினார். கடல் உயர்ந்து நிலம் போனாலும் துவாலு என்ற அரசும் அதன் இறையாண்மையும் தொடரும் என்று ஆஸ்திரேலியா அதில் ஒப்புக்கொள்கிறது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பெரிய நாடு தன் கணக்கு இல்லாமல் கையெழுத்துப் போடாது. ஆனால் நிலத்தை இழந்தாலும் நாட்டை இழக்க மாட்டோம் என்பதை இன்னொரு நாட்டின் கையெழுத்தோடு எழுதி வாங்கியிருப்பது சின்ன விஷயம் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

டீச்சரின் பெயர் குலுக்கலில் வந்தது. தம்பியின் பெயர் வரவில்லை.

மின்னஞ்சல் வந்த பிறகு வேலை வேகமாக நடந்தது. கணவரையும் பிள்ளைகளையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்தோம். ஃபிஜியில் பல ஆண்டுகளாக இருப்பதால் ஃபிஜிப் போலீசின் நன்னடத்தைச் சான்றிதழ், அப்புறம் மருத்துவப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. டீச்சருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அது தெரிந்தால் மறுத்துவிடுவார்களோ என்று பயந்தார். வயது, ஊனம், நாள்பட்ட நோய் இவற்றைச் சொல்லி ஒதுக்குவதில்லை என்பது இந்த விசாவின் தனித்தன்மை. அதைச் சொல்லியும் விசா வரும்வரை அவருக்குத் தூக்கம் சரியாக இல்லை. கணவரின் கப்பல் வேலைச் சான்றுகளைச் சேர்ப்பதுதான் இழுத்தது. எந்தத் துறைமுகத்தில் எத்தனை நாள் என்று அவருடைய பழைய பணிப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினோம்.

மாமியாரைச் சேர்க்க முடியவில்லை. துணையும் சார்ந்திருக்கும் பிள்ளைகளும்தான் கூட வரலாம். பெரியவர்கள் தங்கள் பெயரில் தனியாகப் பதிந்து, குலுக்கலில் வந்தால்தான் உண்டு. மூன்று தலைமுறை ஒரே கூரையில் வாழும் மக்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. மாமியார் பதியவே இல்லை. “நான் வைட்டுப்புக்கே போகிறேன் மகளே, சின்னவனோடு இருப்பேன். இவர்கள் வந்து பார்க்கலாம் என்று எழுதித்தானே கொடுத்திருக்கிறார்கள்?” என்று என்னிடமே கேட்டார். ஆமாம் என்றேன். ஆனால் இவர்கள் போகப்போகும் பிரிஸ்பேனில் இருந்து வைட்டுப்புவுக்கு விமானமும் கப்பலும் மாறி ஒரு குடும்பம் வந்து போக ஆகும் செலவை எந்த ஒப்பந்தமும் ஏற்கவில்லை.

எங்கள் ஊரில் இருந்து என் உறவினர்கள் சிலர் போன் செய்து, நாமும் இதில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார்கள். முடியாது. இது துவாலுக் குடிமக்களுக்கு மட்டும். கிரிபட்டிக்குக்கூட இப்படி ஒன்று இல்லை. டீச்சரோடு வேலை பார்க்கும் கிரிபட்டிக்காரர் தன் நாட்டு அரசு எப்போது பேசத் தொடங்கும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

விசா வந்துவிட்டது. பள்ளி ஆண்டு முடிந்ததும் பிரிஸ்பேன் போவதாகத் திட்டம். அங்கே வகுப்பெடுக்க மாநில அளவில் தனி ஆசிரியர் பதிவு வேண்டும் என்பதால் இப்போது அந்தப் படிவத்தில் இருக்கிறோம். டீச்சரின் பட்டப்படிப்புச் சான்றிதழில் இருப்பதும் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். இன்னொரு உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டும். தம்பி அடுத்த சுற்றில் மறுபடி பதியப்போகிறார். இந்த முறை பணத்தை நான் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.