புளியமரத்தில் மஞ்சள் எண் விழுந்த பிறகு

சேர்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில், குப்பனூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் வசிக்கிறோம். அருகில் வளாகம் வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகம், எங்கள் சாலையோரமாக ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு நடைப்பயிற்சிக்கும் மிதிவண்டி ஓட்டத்துக்குமான பொழுதுபோக்குப் பாதை ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. அதை எதிர்த்து ஊர் என்ன செய்தது, அதில் எது பலித்தது என்பதை எழுதி வைக்கிறேன். விவகாரம் முற்றாக முடியாததால் ஊரின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்; இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பெயர்களைவிட வழிமுறைதான் உதவும்.

திட்டத்தைப் பற்றி எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சாலையோரப் புளியமரங்களில் நெஞ்சளவு உயரத்தில் பட்டையைச் செதுக்கி மஞ்சள் வண்ணத்தில் எண் போட்டிருந்தார்கள். மரத்துக்கும் வயல் வரப்புக்கும் இடையே சுண்ணாம்புக் கோடு ஓடியது. சேலம் மாவட்டத்தில் இப்படி ஒரு கோட்டைக் கண்டால் மக்களுக்கு 2018 தான் நினைவுக்கு வரும். 277 கிலோமீட்டர் நீளச் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காக வயலில் கல் நட்டதும், நிலம் எடுக்கும் நடவடிக்கையை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பகுதி மாற்றியதும் இங்கே சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். எனவே எட்டு வழிச் சாலை திரும்பி வந்துவிட்டது என்ற பேச்சு ஒரே இரவில் பரவிவிட்டது. அந்தப் பேச்சை அடக்குவதுதான் எங்கள் முதல் வேலையாக இருந்தது. இல்லாத ஒன்றை எதிர்த்து மனுக் கொடுத்தால், இருக்கும் ஒன்றை எதிர்க்கும்போது எந்த அதிகாரியும் காது கொடுக்க மாட்டார்.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய கடிதத்துக்கு, திட்டம் பரிசீலனையில் உள்ளது என்ற ஒரு வரிப் பதில் வந்தது. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "அவங்ககிட்ட எதுக்குத் தம்பி கேக்கறீங்க? நிலம் யாருதோ அந்த ஆபீசுல கேளுங்க" என்றார். சாலையோரம் நெடுஞ்சாலைத் துறையுடையது. அங்கே எதைக் கட்டுவதாக இருந்தாலும் அந்தத் துறையின் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். விண்ணப்பித்திருந்தால் வரைபடமும் அங்கே இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விண்ணப்பத்தின் நகல், இணைப்பு வரைபடங்கள், துறையின் குறிப்புரை ஆகிய மூன்றை மட்டும் கேட்டோம். "ஏன் அனுமதித்தீர்கள்" என்பது போன்ற கேள்விகள் எதையும் சேர்க்கவில்லை. ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்டால் மறுத்துவிடுவார்கள். 30 நாள் கெடுவுக்குள் பதில் வரவில்லை. அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்பிய பிறகு நகல்கள் வந்து சேர்ந்தன.

வரைபடம் கைக்கு வந்ததும்தான் எங்கள் எதிர்ப்புக்கு உருவம் கிடைத்தது. தார்ச்சாலை விளிம்பிலிருந்து நான்கு மீட்டர் அகலத்தில், சாலையைவிடச் சற்று உயர்த்தி, கல் பதித்த பாதை; இடையிடையே இருக்கைகள், விளக்குக் கம்பங்கள், ஒரு தற்படம் எடுக்கும் மேடை. (மேடை எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.) பாதை போகும் இடம் வரைபடத்தில் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையில்தான் மாம்பழக் காலத்தில் ஏற்காடு போகிறவர்களை நம்பிப் பெண்கள் கூடை வைக்கிறார்கள். மரவள்ளி வெட்டும் காலத்தில் கிழங்கைக் குவித்து, சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகும் லாரியில் ஏற்றுவதும் அங்கேதான். களத்துக்கு வழியில்லாதவர்கள் கேழ்வரகுக் கதிரை உலர்த்துவதும், காட்டுக்கு ஆடு ஓட்டிப் போவதும் அந்த மண் ஓரத்தில்தான்.

இவற்றைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். மலைச் சரிவில் பெய்யும் மழை வயல்களின் வழியே இறங்கி, சாலைக்கு அடியில் உள்ள சிறு குழாய்ப் பாலங்களைக் கடந்து ஓடைக்குப் போகிறது. அந்தப் பாலங்களில் ஒன்றுகூட வரைபடத்தில் இல்லை. உயர்த்திக் கட்டிய பாதை அவற்றின் வாயை அடைத்தால், மேற்புற வயல்களில் தண்ணீர் தேங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஊர் முழுவதும் ஒரே கருத்தில் இருந்தது என்று சொன்னால் அது பொய். மாரியம்மன் கோயில் திண்ணையில் கூடிப் பேசியபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளைத் தினமும் நடத்தி அனுப்பும் அக்கா ஒருவர், "பாதை வந்தா எம்பொண்ணு லாரிக்குப் பக்கத்துல நடக்க வேண்டியதில்லீங்களே, அதை எதுக்கு வேண்டாங்கறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் எங்களை நேர்வழியில் நிறுத்தியது அந்தக் கேள்விதான். திட்டமே வேண்டாம் என்று எழுதியிருந்த மனுவைக் கிழித்துவிட்டு, பள்ளியும் வீடுகளும் இருக்கும் பகுதியில் மட்டும் 1.8 மீட்டர் அகல நடைபாதை, குழாய்ப் பாலங்கள் இருக்கும் இடங்களில் திறந்த வடிகால், மற்ற இடங்களில் மண் ஓரம் இருந்தபடியே இருப்பது எனத் திருத்தி எழுதினோம். 1.8 மீட்டர் என்பது நாங்களாக வைத்த கணக்கன்று. நடைபாதைகளுக்கு, சாலைத் தரங்களை நிர்ணயிக்கும் இந்தியச் சாலைகள் பேராயம் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு அதுவே. உடற்பயிற்சி செய்ய விரும்பும் மாணவர்களுக்கு வளாகத்தின் உள்ளேயே சுற்றுச்சுவரை ஒட்டிப் போதிய இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தோம்.

2025 மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைத்தோம். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்திருந்ததால் தனி அலுவலர் பொறுப்பில் கூட்டம் நடந்தது. பொருள் பட்டியலில் இல்லாததை எடுக்க முடியாது என்று முதலில் மறுத்தார்கள். கையெழுத்துகளுடன் முன்கூட்டியே கொடுத்திருந்த கடிதத்தின் ஒப்புகையைக் காட்டிய பின்பு பதிவு செய்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கூட்டம் கலைவதற்கு முன்பே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் தீர்மானத்தில் 'திட்டத்தை வரவேற்று, சில திருத்தங்களுடன்' என்று ஒரு சொற்றொடர் நுழைந்திருந்தது. அங்கேயே அடித்துத் திருத்தி, சுருக்கொப்பம் வாங்கினோம்.

அந்தத் தீர்மானத்தின் நகலோடு திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். மரங்களுக்காகத் தனி மனு. பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எண் போட்ட மரங்களுக்கு அப்படி எந்த விண்ணப்பமும் போகவில்லை என்பது எங்களிடம் இருந்த நகல்களிலிருந்தே தெரிந்தது. இந்த மனு மற்றதைவிட வேகமாக நகர்ந்தது.

சில வாரங்களில் கூட்டுத் தணிக்கைக்கு நெடுஞ்சாலைப் பொறியாளரும் பல்கலைக்கழகத்தின் கட்டுமானப் பிரிவினரும் வந்தார்கள். அன்று நாங்கள் கூட்டம் சேர்க்கவில்லை, கோஷமும் போடவில்லை. ஒவ்வொரு குழாய்ப் பாலத்துக்கும் அந்தந்த வயல்காரரை நிறுத்தினோம். முதல் பாலத்தில் நின்ற பெரியவர், சுவரில் செம்மண் படிந்திருந்த உயரத்தைக் கையால் தொட்டுக் காட்டி, "ஐயா, போன மழைக்குத் தண்ணி இதுவரைக்கும் வந்துச்சுங்க" என்றார். பொறியாளர் டேப்பை விரித்து அளந்தார். உத்தேசப் பாதையின் அடிமட்டத்தைவிடக் கறை மேலே இருந்தது. வரைபடத்தின் ஓரத்தில் அந்த அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த பாலத்துக்கு நடந்தார். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத் தரப்பில் அதிகம் பேசவில்லை.

மிதிவண்டிப் பாதையும் மேடையும் கைவிடப்பட்டதாக நெடுஞ்சாலைத் துறை எழுத்தில் தெரிவித்திருக்கிறது. பள்ளியை ஒட்டிய பகுதிக்கு நடைபாதை வரும்; புளியமரங்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். விளக்குக் கம்பங்களுக்கான மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதும், மாம்பழக் கூடைகளுக்கு நடைபாதையின் வெளிப்புறத்தில் இடம் விடுவதும் இன்னும் தீரவில்லை. திருத்திய வரைபடத்தைச் சமர்ப்பித்துவிட்டதாகப் பல்கலைக்கழகம் சொல்கிறது. அதன் நகலுக்கு மீண்டும் 10 ரூபாய் வில்லை ஒட்டி விண்ணப்பித்திருக்கிறோம்.