ஒப்பீட்டு அரசியல் தாளும் இராமநாதபுரம் தொகுதியும்: இரண்டாம் முறை நான் திருத்திக்கொண்டவை

புதன்கிழமை பின்னேரம் பெறுபேறு வந்தது. ஒப்பீட்டு அரசியல் தாளுக்கு 71. போன வருடம் அதே தாளுக்கு 34 வாங்கி, இரண்டு நாள் வீட்டில் ஒருவருடனும் கதைக்காமல் கிடந்தேன். அந்தத் தாளை எழுதியவர்களுக்கு இந்த 71 எவ்வளவு பெரிது என்று தெரியும். அடுத்த பட்சில் இரண்டு தங்கச்சிமார் 'அக்கா, நோட்ஸ் தாங்கோ' என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். நோட்ஸ் தருகிறேன். ஆனால் அதற்கு முதல் இதை வாசியுங்கள்.

தாளின் முதல் பகுதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பழைய வினாத்தாள்களைச் செய்தால் அது வந்துவிடும். நான் விழுந்ததும் எழும்பியதும் தொகுதி ஆய்வு வினாவில்தான். தென்னிந்தியாவின் மக்களவைத் தொகுதி ஒன்றை எடுத்து அதன் தேர்தல் வரலாற்றை வைத்துக் கட்சிமுறையை விளக்கும் அந்த வினா.

நான் எடுத்தது இராமநாதபுரம். காரணம் அம்மா. தொண்ணூறில் இலங்கையிலிருந்து படகேறிப் போய், மண்டபம் அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்த முகாம் இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே பாம்பன், உச்சிப்புளி, பரமக்குடி என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்தபடியால், எனக்கு இந்தத் தொகுதி தெரியும் என்று நினைத்துவிட்டேன். முதல் பிழை அதுதான்.

போன வருடம் நான் எழுதியது ஒரு பட்டியல். 1952 நாகப்ப செட்டியார், 1957 சுப்பையா அம்பலம், 1962 அருணாசலம், மூவரும் காங்கிரஸ். 1967 சுயேச்சையாக முகம்மது ஷெரீப். 1971 பார்வர்ட் பிளாக்கின் மூக்கையாத் தேவர். 1977 அதிமுக அன்பழகன். 1980 திமுக சத்தியேந்திரன். 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரஸ் ராஜேஸ்வரன். 1996 தமிழ் மாநில காங்கிரஸ் உடையப்பன். 1998 சத்தியமூர்த்தி, 1999 மலைச்சாமி, இருவரும் அதிமுக. 2004 பவானி ராஜேந்திரன், 2009 ரித்தீஷ், இருவரும் திமுக. 2014 அதிமுக அன்வர் ராஜா. 2019, 2024 முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி.

ஒரு பெயரும் பிழையில்லை. பாடமாக்கி, வருடம் மாறாமல் எழுதினேன். அதற்குக் கிடைத்ததுதான் 34.

அந்தப் பட்டியலோடு இன்னொன்றும் எழுதியிருந்தேன். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 1957இல் இராமநாதபுரத்திலிருந்து மக்களவைக்குப் போனார் என்று. பிழை. அவர் அந்த வருடம் மக்களவைக்கு வென்றது ஸ்ரீவில்லிபுத்தூரில். முதுகுளத்தூரில் வென்றது சட்டமன்றத்துக்கு. சட்டமன்ற இடத்தை விட்டுவிட்டார், அங்கே இடைத்தேர்தல் வந்தது. அதன் பிறகுதான் முதுகுளத்தூர்க் கலவரமும், செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரனின் கொலையும். தேவர் இராமநாதபுரம் மாவட்டத்துத் தலைவர், அது சரி. ஆனால் அந்த மாவட்டம் அப்போது மிகப் பெரியது. 1985இல்தான் சிவகங்கை, விருதுநகர் என்று பிரிந்தது. மாவட்டத்தின் பெயரும் தொகுதியின் பெயரும் ஒன்றாக இருந்ததால், இரண்டும் ஒன்றென்று எடுத்துவிட்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த முழுக் கட்டுரையிலும் முக்கியம். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

பெயரைக் கண்டவுடன் எழுதாதீர்கள். அந்தப் பெயருக்குள் அந்த வருடம் என்ன இருந்தது என்று பாருங்கள்.

நான் எப்படிச் செய்தேன் என்றால், பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தை எடுத்தேன். ஒரு தாளில் 2004 வரை இருந்த இராமநாதபுரத்துக்குள் வந்த ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், கடலாடி, முதுகுளத்தூர், அருப்புக்கோட்டை. மற்றத் தாளில் 2008இல் தொகுதி எல்லைகளை மாற்றிய மறுசீரமைப்புக்குப் பின், 2009இலிருந்து இருக்கும் இராமநாதபுரம்: அறந்தாங்கி, திருச்சுழி, பரமக்குடி, திருவாடானை, இராமநாதபுரம், முதுகுளத்தூர். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியையும் கையால் வட்டம் போட்டு, கடல் இருக்கும் பக்கத்துக்கு நீலப் பென்சில் பூசினேன். இரண்டு தாளையும் யன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆறில் மூன்றுதான் மிச்சம். மானாமதுரை சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டது, அருப்புக்கோட்டை விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டது, கடலாடி என்ற தொகுதியே இல்லை. அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டத்து ஊர், திருச்சுழி விருதுநகர் மாவட்டத்து ஊர். அப்படியென்றால் 2004 முடிவையும் 2009 முடிவையும் பக்கத்தில் வைத்து 'இந்தத் தொகுதி மக்கள் மீண்டும் திமுகவைத் தெரிவுசெய்தனர்' என்று எழுத முடியுமா? போன வருடம் நான் அதே வசனத்தை எழுதியிருந்தேன். மக்களில் பாதிப்பேர் வேறு ஆட்கள்.

கலண்டர் தாளைப் பார்த்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும் எங்களுக்கு இராமநாதபுரம் என்றால் இராமேஸ்வரம், மீனவர், ரோலர் (இழுவைப்படகு) பிரச்சினை, கச்சதீவு. குருநகரில் வலை அறுபட்டு வந்து நிற்பவரைப் பார்த்து வளர்ந்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் என் நீலப் பென்சில் பரமக்குடிப் பக்கமும் திருச்சுழிப் பக்கமும் போகவே இல்லை. பரமக்குடி நெசவு ஊர். உள்ளுக்குப் போகப் போகக் கண்மாய்த் தண்ணீரை நம்பிய காணி, முண்டு மிளகாய், சீமைக்கருவேலம். மீனவர் பிரச்சினை கரைப்பக்கத்தில் பெரிய விடயம்தான், ஆனால் தொகுதி முழுவதும் அது இல்லை. இதை எழுதினால் விடைத்தாள் திருத்துபவர் உங்கள் விடையை நின்று வாசிப்பார் என்று நான் நம்புகிறேன்.

கச்சதீவை விடவும் கூடாது. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் அந்தத் தீவு இலங்கைக்கு என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஜூலை 23 அன்று மக்களவையில் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் அறிக்கை வைத்தபோது, இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவர் எதிர்த்துப் பேசினார். அதே நாள் முகம்மது ஷெரீப்பும் பேசினார். அவர் அப்போது பெரியகுளம் உறுப்பினர். முதல் முறை வாசித்தபோது பெரியகுளத்துக்கும் கச்சதீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கடந்துவிட்டேன். பிறகுதான் என் பட்டியலிலேயே பதில் இருந்தது தெரிந்தது. 1967இல் இராமநாதபுரத்தின் உறுப்பினர் அவர்தான். எங்கள் பக்கத்தில் கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருவது. அந்தோனியார் திருவிழாவுக்கு நாங்கள் படகில் போய் வந்த இடம். அதே தீவைப் பற்றி அந்தக் கரையின் உறுப்பினர் என்ன நிலையில் நின்று பேசினார் என்று வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் நியாயம் எனக்குத் தெரியும். அவருடைய நியாயத்தையும் அவருடைய இடத்திலிருந்து எழுதப் பழக வேண்டியிருந்தது.

அடுத்தது கூட்டணி. கட்சியின் பெயரும் அப்படித்தான். ராஜேஸ்வரன் மூன்று முறை வென்றார், ஆகவே காங்கிரஸ் கோட்டை என்று எழுதிவிடாதீர்கள். மூன்று முறையும் காங்கிரஸோடு அதிமுக நின்றது. 1996இல் அந்தக் கூட்டணி தமிழ்நாடு முழுவதும் தோற்றது, மூப்பனார் பிரிந்து தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ் திமுகவோடு சேர்ந்து வென்றது, இங்கேயும் அதுதான். நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் மாநில முடிவைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 1977 முதல் 2024 வரை 13 பொதுத்தேர்தல். அதில் 12 முறை மாநிலத்தில் அதிக இடம் பிடித்த அணியே இராமநாதபுரத்திலும் வென்றது. ஒரே ஒரு முறை மாறியது: 1999. திமுகவும் பாஜகவும் சேர்ந்த அணி 39இல் 26 இடம் பிடித்த தேர்தல். இங்கே அதிமுகவின் மலைச்சாமி, ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி, வென்றார். 1999ஐப் பற்றி ஒரு பந்தி கட்டாயம் எழுதுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். 2019இல் நவாஸ்கனி 4,69,943 வாக்கு, இரண்டாம் இடம் பாஜகவின் நயினார் நாகேந்திரன் 3,42,821. 2024இல் நவாஸ்கனி 5,09,664, இரண்டாம் இடம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்ற முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் 3,42,882. இரண்டாம் இடங்களைப் பாருங்கள். வித்தியாசம் 61 வாக்கு. எதிரணி வாக்கு அசையவில்லை என்று எழுதத் தோன்றும். எழுதினால் போச்சு. 2019இல் பாஜகவோடு அதிமுக இருந்தது. 2024இல் அதிமுக தனியாக வேட்பாளரை நிறுத்தி ஒரு இலட்சத்துக்குக் கிட்ட வாங்கியது, பன்னீர்செல்வத்துக்குப் பாஜக அணியின் ஆதரவு. தொகை ஒன்று, வாக்காளர் வேறு. அதோடு, அந்தத் தேர்தலில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே இன்னும் சில சுயேச்சைகள் நின்றார்கள். பெயரை நம்பாதே என்று நான் சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

'தொகுதி' என்ற சொல்லிலும் கவனம். எங்களுக்கும் காங்கேசன்துறைத் தொகுதி, வட்டுக்கோட்டைத் தொகுதி என்று இருக்கிறது. ஆனால் 1977க்குப் பிறகு அவை தனித்தனியே உறுப்பினரை அனுப்புவதில்லை. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் முழுவதற்கும் விகிதாசாரமும் (வாக்கு வீதப்படி கட்சிக்கு இடம்), விருப்பு வாக்கும்தான் (கட்சிக்குள் ஆளைத் தெரிவது). 2010இல் 9 பேர், 2024இல் 6 பேர். இந்தியாவில் ஒரு தொகுதிக்கு ஒருவர், ஒரு வாக்கு கூடினாலும் வெற்றி. ஒப்பிட வேண்டுமென்றால் 1970ஐ எடுங்கள். அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையிலும், ஜீ.ஜீ. பொன்னம்பலம் யாழ்ப்பாணத்திலும் தோற்ற தேர்தல். ஒரு பெரிய தலைவர் ஒரே தொகுதியில் விழுவது எப்படியென்று அதில் தெரியும். அந்த முறை இருந்த காலத்து எங்கள் அரசியலோடுதான் இராமநாதபுரத்தை ஒப்பிடலாம், இப்போதையதோடு நேரடியாக அல்ல.

வாய்மொழிப் பரீட்சையில் மிஸ் ஒரே ஒரு கேள்விதான் நீட்டிக் கேட்டார். "இந்தத் தொகுதியில இருந்தும் வாக்காளரா இல்லாத ஆக்கள் ஆர்?" நான் கொப்பியைத் தேடவில்லை. அம்மா சொன்னதையே சொன்னேன். தேர்தல் வந்தால் மைக் சத்தம் முகாம் வாசல் மட்டும் வரும். "உள்ளுக்கு ஒருத்தரும் வரமாட்டினம். எங்களுக்கு வாக்கு இல்லைத்தானே." 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு ஜூனில் வாக்களிப்பு நடந்தபோது, அவர்கள் வெளியில் போகவே பயந்து கொட்டிலுக்குள் இருந்தார்களாம். மிஸ் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "இதை எழுதினனீங்களோ?" என்றார். எழுதியிருந்தேன், கடைசிப் பந்தியாக.

சரி, இனிச் சுருக்கமாக:

- தொகுதியைத் தெரிவுசெய்யும்போது பிரபலமானதைத் தேடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் நடந்த ஊரை எடுங்கள்.
- வென்றவர் பட்டியலைப் பாடமாக்குங்கள், ஆனால் விடையில் முழுவதையும் எழுதாதீர்கள். நான்கு தேர்தல் போதும். எனக்கு 1967, 1971, 1999, 2024.
- சட்டமன்றத் தொகுதிகள் ஆறையும் முதல் பந்தியிலேயே எழுதுங்கள். எந்த வருடத்து ஆறு என்றும் எழுதுங்கள்.
- வாக்கு எண்ணிக்கை இரண்டு தேர்தலுக்கு மட்டும் சரியாகத் தெரிந்தால் போதும். அரைகுறையாகத் தெரிந்த எண்ணை எழுதவே வேண்டாம்.
- கூட்டமாக இருந்து படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியக்காலை நான்கு மணிக்கு எழும்பித் தனியே படித்தேன். குழுவில் படித்து வென்ற ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் படத்தை மட்டும் தனியே இருந்து வரையுங்கள். இன்னொருவர் வரைந்ததைப் பார்த்தால் மனதில் நிற்காது.
- இந்த வினாவுக்கு 50 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் விடைத்தாளின் ஓரத்தில் அந்தப் படத்தைச் சின்னதாகப் போட்டேன். அதைப் பார்த்துப் பார்த்தே எழுதி முடித்தேன்.

கலண்டர் தாள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. கேட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை படியெடுத்துத் தருகிறேன். இரண்டாவது தாளில் அறந்தாங்கிக் கரைக்கு நீலம் பூச விட்டுவிட்டேன். மீமிசலும் கோட்டைப்பட்டினமும் அந்தப் பக்கம்தான், நீங்களே பூசிக்கொள்ளுங்கள்.